மலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை

பொற்கொடியின் மகள் அனுப்பிரியாவுக்கு மலை ஒத்துக்கொள்ளாது. மலையடிவாரத்தில் முந்தல் தாண்டி ஜீப் முதல் வளைவில் திரும்பும்போதே பிள்ளையின் முகம் வெளுத்துவிடும். உதடு வறளும். கண் ஓரிடத்தில் குத்திட்டு நிற்கும். அதற்கு அடுத்த வளைவில் வாந்தி. போடியில் பாதிப் பிள்ளைகளுக்கு இப்படித்தான். ஆனால் மற்ற பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு தடவை, கல்யாணம் காதுகுத்து என்றால் இரண்டு தடவை மலை ஏறும். அனுப்பிரியா வாரம் தவறாமல் ஏறினாள். ஏறிப் போய் மேடையில் ஆடினாள்.

பொற்கொடியைப் பற்றிச் சொல்வதென்றால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவள் வீடும் என் வீடும் ஒரே சுவர். அங்கே மிக்சி ஓடினால் இங்கே டம்ளர் நடுங்கும். இருவரும் ஒரே ஏலக்காய்க் குடோனில் காய் பொறுக்கினோம். சல்லடையில் விழுந்த காயைப் பரப்பி, வெடித்தது, கறுத்தது, காம்பு நீண்டது என்று பிரித்துப் போடுகிற வேலை. பேசிக்கொண்டே செய்யலாம். நான் பேசுகிற ஆள் இல்லை. பொற்கொடி எனக்கும் சேர்த்துப் பேசுவாள். பேச்செல்லாம் பிள்ளைகளைப் பற்றியே இருக்கும்.

மூத்தவன் நிலவன், ஒன்பதாம் வகுப்பு. அவனுக்குச் சிலம்பம், கீபோர்டு. இளையவள் அனுப்பிரியா, நான்காம் வகுப்பு. அவளுக்குப் பரதம், ஓவியம், திருக்குறள் ஒப்பித்தல். பொற்கொடி விடியுமுன் எழுந்து சோறு பொங்கி, இருவரையும் பள்ளிக்கு அனுப்பி, குடோனுக்கு வந்து, சாயங்காலம் மேஸ்திரியிடம் கெஞ்சிக் கொஞ்சம் முன்னால் கிளம்பி, பள்ளி வாசலில் நின்று, ஒருவனைச் சிலம்பத்துக்கும் ஒருத்தியை டான்ஸ் டீச்சர் வீட்டுக்கும் கொண்டுபோய் விடுவாள். அவள் ஸ்கூட்டியின் முன்பக்கம் எப்போதும் ஒரு பை தொங்கும். அதில் சலங்கை, ரோஸ் பவுடர், பின்னூசி, ஒரு சீப்பு வாழைப்பழம். ஸ்கூட்டி தெருவில் திரும்பும்போது சலங்கை குலுங்கும். அந்தச் சத்தத்தை வைத்தே நான் அடுப்பில் டீ வைப்பேன்.

குடோனில் சுருளியம்மாள் என்று ஒருத்தி. வாய் சும்மா இருக்காது.

"ஏ பொற்கொடி, மக ஆடுறதுக்கு ஒனக்குக் காலு வீங்கியிருக்கு?"

"வீங்கட்டுமே. ஒனக்கென்ன பொறாமை?"

"எனக்கெதுக்குப் பொறாமை தாயி? எம் மகளும் ஆடுவா, சாமி வந்தா."

எல்லோரும் சிரித்தார்கள். பொற்கொடியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனை எடுத்து, போன வாரம் பிள்ளை ஆடியதைச் சுருளியம்மாள் மூக்குக்கு நேராகக் காட்டினாள். சுருளியம்மாள் பார்த்தாள். "புள்ள தூக்கத்துல ஆடுற மாதிரில்ல இருக்கு," என்றாள்.

"அதுக்குப் பேரு முகபாவம். ஒனக்கு அதெல்லாம் வெளங்காது," என்று சொல்லிப் பொற்கொடி போனை உள்ளே வைத்துவிட்டாள்.

எனக்கு விளங்கியது. ஆனால் அது பாவம் இல்லை.

பொற்கொடி மலையில் பிறந்தவள். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், பூப்பாறை போகிற வழியில் ஒரு எஸ்டேட் லயத்தில். ஒற்றை அறை, ஓடு, வாசலில் வாய்க்கால். அவள் அம்மா அங்கே காய் எடுத்தாள். எஸ்டேட் கோயில் திருவிழாவில் கங்காணி வீட்டுப் பெண் பிள்ளைகள் பட்டுக் கட்டி மேடையில் ஆடும்போது, பொற்கொடி மேடைக்குக் கீழே அவர்கள் செருப்புக்குக் காவல் இருந்திருக்கிறாள். ஆடி முடித்து வந்த ஒரு பிள்ளை, செருப்பை மாட்டிவிடச் சொல்லிக் காலை நீட்டியது. மாட்டியும் விட்டாள். இதை அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். சொல்லும்போது கை காய் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

அதனால்தான் அவளுக்கு மதுரை மேடை வேண்டாம், தேனி மேடை வேண்டாம். மலைக்கு மேலே எந்த எஸ்டேட்டில் கோயில் கொடை, எந்த மாதா கோயிலில் விழா, எங்கே ஓணம் என்று விசாரித்து வைத்துக்கொள்வாள். ஜீப் ஓட்டுகிற அழகுமலை அவளுக்குத் தகவல் சொல்வார். "அடுத்த ஞாயித்துக்கெழம மேல ஒரு புரோக்ராம் இருக்கு தாயி, பேசி வுடவா?" என்பார். "பேசுங்கண்ணே," என்பாள். பிள்ளையைக் கேட்கிற வழக்கம் இல்லை.

அப்புறம்தான் மாத்திரை. மலை ஏறுகிற வீடுகளில் வாந்தி மாத்திரை உப்பு புளி மாதிரி இருக்கும். ஜீப் கிளம்புவதற்கு அரை மணி முன்னால் ஒன்று போட்டால், மேலே போகிற வரை பிள்ளை தூங்கிவிடும். ஒப்பனை கலையாது. உடுப்பில் வாந்தி படாது. பொற்கொடிக்கு அந்த உடுப்புதான் பெரிய கவலை. ஜீப்பில் ஏறுமுன்பே இங்கே வீட்டில் வைத்து நான் தலை பின்னிவிடுவேன். நெற்றிச்சுட்டி, குஞ்சலம், கை கால்களில் செஞ்சாயம், கண்ணில் மை எல்லாம் கீழேயே முடிந்துவிடும். மேலே எஸ்டேட்டில் உடுப்பு மாற்ற மறைவான இடம் கிடைக்காது.

முதலில் பாதி மாத்திரை கொடுத்தாள். பாதிக்கு வாந்தி வந்தது. முழுசாகக் கொடுத்தாள். பிறகு இறங்கும்போதும் ஒன்று.

"தெனமும் குடுத்தா ஒடம்புக்கு ஆகுமா பொற்கொடி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தெனமுமா குடுக்குறேன்? வாரத்துக்கு ஒருக்கா. மெடிக்கல்ல சீட்டில்லாமக் குடுக்குறானே, ஆகாததையா குடுப்பான்?"

பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தது. பொற்கொடி நாக்கில் மாத்திரையை வைத்தாள். தண்ணீர் கூடக் கேட்காமல் விழுங்கியது.

அன்று ஒரு சனிக்கிழமை. மேலே ஓர் எஸ்டேட்டில் அம்மன் கோயில் கொடை. மத்தியானம் மேடை. நிலவன் சிலம்பம் சுற்றினான், அனுப்பிரியா ஆடினாள். நான் மேடையின் ஓரத்தில் பையை வைத்துக்கொண்டு நின்றேன். கூட்டத்தில் லயத்துப் பெண்கள் இருந்தார்கள். ஒரு கிழவி பொற்கொடியின் கையைப் பிடித்து, "நீ காய் எடுக்குற முத்தம்மா மவதானே? ஒம் மவளா இது?" என்று கேட்டாள். பொற்கொடியின் முகம் அப்போது இருந்த இருப்பை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

விழாக் கமிட்டியில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். பொற்கொடிக்குச் சால்வை போட்டார்கள்.

திரும்பும்போது மேகம் இறங்கிவிட்டது. சனிக்கிழமை என்பதால் கீழே வீட்டுக்குப் போகிற வேலையாட்கள் ஜீப் நிறைய. பின்னால் படியில் தொங்கினார்கள். அழகுமலையின் தம்பி இன்னொரு ஜீப்பில் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். பொற்கொடி கேடயத்தை மடியில் வைத்து முன் சீட்டில் இருந்தாள். நான் பின்னால், பையோடு. என் எதிரே அனுப்பிரியா. இறங்குகிற மாத்திரை போட்டாகிவிட்டது. அவள் தலை ஜீப்போடு சேர்ந்து ஆடியது.

போடிமெட்டு செக்போஸ்ட்டில் ஆள் கூடுதலாக இருந்தால் பிடிப்பார்கள். அதற்கு மலையில் எல்லோரும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். செக்போஸ்ட்டுக்கு முந்தின வளைவில் டிரைவர் நிறுத்துவார். பாதிப் பேர் இறங்கி ஏலத்தோட்டத்துக்குள் போகிற ஒற்றையடிப் பாதையில் நடந்து, செக்போஸ்ட்டைத் தாண்டிய வளைவில் ரோட்டுக்கு வருவார்கள். ஜீப் மீதிப் பேரோடு சோதனை முடித்து அங்கே வந்து நிற்கும். நடந்து வந்தவர்கள் எந்த ஜீப் நிற்கிறதோ அதில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். வந்த ஜீப்பிலேயே ஏற வேண்டும் என்பதில்லை. பிள்ளைகளை மட்டும் இறக்க மாட்டார்கள். பிள்ளைகள் தலைக் கணக்கில் சேராது.

அன்றைக்கு அழகுமலை நிறுத்தியதும் பெண்கள் இறங்கினார்கள். நானும் எழுந்தேன்.

"அக்கா, நீங்க பையோட உக்காருங்க. அதத் தூக்கிட்டு எப்படி நடப்பீக?" என்று பொற்கொடி முன்னாலிருந்து சொன்னாள். பிறகு மகளைப் பார்த்தாள். "அனு, நீ எறங்கி அவுகளோட நடந்து வா. காத்துப் பட்டா வாந்தி வராது. உடுப்பத் தூக்கிப் பிடிச்சுக்க."

"புள்ள தூங்குது பொற்கொடி," என்றேன்.

"தூங்குனா எழுப்பி விடுங்க. இங்க வாந்தி எடுத்தா அத்தனையும் பாழாப் போகும்."

எழுப்பிவிட்டேன். அவள் யாரோ சொல்லிக் கொடுத்தது போலப் பட்டு மடிப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஒரு வேலைக்காரப் பெண் அவள் தோளில் கை வைத்ததைப் பார்த்தேன். மேகம் இருவரையும் மூடிக்கொண்டது.

செக்போஸ்ட் தாண்டி ஜீப் நின்றது. பெண்கள் பாதையிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் முன் ஜீப்பில் ஏறினார்கள், சிலர் எங்களுடையதில். முன் ஜீப் கிளம்பியது. எங்கள் ஜீப்பும் கிளம்பியது. எனக்கு எதிரே இப்போது வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

"அனு வரலையே," என்றேன்.

ஜீப் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. என் குரல் அவ்வளவுதான். மறுபடி சொன்னேன். பொற்கொடி போனில் அன்றைய வீடியோவை ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "முன்னாடி ஜீப்புல ஏறியிருப்பாக்கா," என்றாள்.

குனிந்து பார்த்தேன். என் காலடியில் அவள் செருப்பு கிடந்தது. பிள்ளை வெறுங்காலோடு இறங்கியிருக்கிறது. தோளில் கை வைத்த அந்தப் பெண் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"புள்ள எங்கம்மா?"

"வாந்தி வருதுன்னுச்சு. ஓரமாப் போயிட்டு வரேன், நீங்க போங்கன்னுச்சு. பின்னாடி வந்தவுகளோட வந்திருக்கும்."

பின்னால் வந்தவர்கள் யாரும் இல்லை. அவள்தான் கடைசி.

நான் சத்தம் போட்டு அங்கே யாரும் கேட்டதில்லை. அன்று போட்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நிலவன் சிலம்பக் கம்பால் ஜீப்பின் தகரத்தை ஓங்கி அடித்தான். அழகுமலை பிரேக் போட்டதில் பொற்கொடியின் மடியிலிருந்த கேடயம் கீழே விழுந்தது. அவள் முன் ஜீப்புக்குப் போன் போட்டாள். "இங்க இல்லையே மதினி," என்று அழகுமலையின் தம்பி சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

பாதைக்கு ஓடினோம். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல். ஒரு கை தூரத்துக்கு அப்பால் வெள்ளை. "அனு, அனு," என்று பொற்கொடி கத்தினாள். ஆனால் எங்கேயோ பக்கத்தில் பூச்சிமருந்தடிக்கிற மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் சத்தத்தை அது தின்றது. மருந்து வாடை மேகத்தோடு சேர்ந்து தாழ்வாக வந்தது. அந்த வாடை எங்களுக்குத் தெரியும். ஏலத்துக்கு மருந்தடிக்கிற நாளில் கோழியைக்கூட லயத்துக்கு வெளியே விட மாட்டார்கள்.

பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. பொற்கொடி ரோட்டுப் பக்கம் போகிற பாதையில் திரும்பினாள். நான் நின்று கீழே பார்த்தேன். மற்ற பாதையில், ஈரக் கல்லின் மேல், பிள்ளைக் கால் அளவுக்குச் சிவப்பு. காலையில் நான் பூசிவிட்ட செஞ்சாயம் கரைந்து ஒட்டியிருந்தது. அதற்கு அடுத்த கல்லிலும் இருந்தது. அதற்கு அப்பால் புல்.

நான் பொற்கொடியைக் கூப்பிடவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன்.

செடியின் தூருக்குள் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். பட்டு மடிப்பு நனையாமல் முழங்காலுக்கு மேல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் வாந்தி எடுத்து, அதை ஓர் இலையால் மூடியிருந்தாள். தலை ஒரு தண்டில் சாய்ந்திருந்தது. நெற்றிச்சுட்டியில் நீர் முத்து முத்தாக நின்றது. நல்ல தூக்கம். மருந்துக் குழாய் அவள் காலுக்குப் பக்கத்தில் பாம்பு மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. அடுத்த வரிசையில் இலைமேல் மருந்து விழுகிற சத்தம்.

நிலவன் கம்பை வீசி மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்தினான். முகத்தில் துணி கட்டிய ஒரு மலையாளத்து ஆள் செடியை விலக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"அய்யோ, கொச்சுப் புள்ளையா? நாங்க கண்டதே இல்ல சேச்சி. அடுத்து இந்த வரிசைக்குத்தானே வந்துட்டிருந்தோம்."

பொற்கொடி மகளை உலுக்கினாள். கன்னத்தில் தட்டினாள். நெடுநேரம் கழித்துப் பிள்ளை கண்ணைத் திறந்தாள். மை கலையாத பெரிய கண். எங்களைப் பார்த்தாளா என்று தெரியவில்லை.

"அடுத்து நானாம்மா?" என்றாள். எழுந்து நின்று மடிப்பைச் சரிசெய்தாள்.

ஜீப் மறுபடி கீழே இறங்கியது. அழகுமலையிடம் எப்போதும் இருக்கிற கேலியைக் காணோம். மேகம் விலகிய பாதி மலையில் பொற்கொடி தன் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பள்ளத்தில் வீசினாள். வெயில் பட்டு ஒரு தடவை மின்னி மறைந்தது. வீட்டில் அவள் புருஷன் சூர்யபிரகாஷ் காத்திருந்தார். கமிஷன் கடையில் எடை போடுகிறவர். அதிகம் பேச மாட்டார். நடந்ததைக் கேட்டுவிட்டு, பிள்ளையின் காலைத் தன் மடியில் வைத்து, செஞ்சாயம் போகிற வரை ஈரத்துணியால் துடைத்தார்.

"போதும் பொற்கொடி," என்றார்.

"இனி மலை இல்லங்க. எங்க ஆத்தா மேல சத்தியம்."

சத்தியத்தை அவள் காப்பாற்றினாள். அதையும் சொல்ல வேண்டும். அழகுமலை இரண்டு தடவை தகவல் கொண்டுவந்தார். இரண்டு தடவையும், "வேணாம்ணே, வேற சோலி இருந்தாப் பாருங்க," என்று அனுப்பிவிட்டாள். மேடை எல்லாம் இனிப் போடிக்குள்தான். கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, வியாபாரிகள் சங்கத்து விழா. சமதளம். வளைவு இல்லை, ஜீப் இல்லை, மாத்திரை இல்லை. பொற்கொடியின் ஸ்கூட்டி பழையபடி சலங்கைச் சத்தத்தோடு தெருவில் திரும்பியது. நான் பழையபடி டீ வைத்தேன்.

ஆனால் நான் பிள்ளைக்குத் தலை பின்னுகிறவள். அவள் தலை என் கையில் இருக்கும்.

மற்ற நாட்களில் அந்தத் தலை ஓரிடத்தில் நிற்காது. அண்ணனோடு சண்டை போடும், பூனையைப் பார்க்கும், "இழுக்காதீங்க பெரியம்மா" என்று என் கையைத் தட்டிவிடும். மேடை உள்ள நாட்களில் மட்டும் அது என் கைக்குள் கனமாகச் சாய்ந்தது. பின்னல் முடிந்து கையை எடுத்தால் தலை அப்படியே இன்னும் கொஞ்சம் சாயும். கண் ஓரிடத்தில் நிற்கும். முந்தல் தாண்டிய கண்.

களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். பயமாக இருக்கும் என்றும் நினைத்தேன். வீட்டுக்குள் எங்கேயாவது அட்டை இருக்கிறதா என்று பார்வையை ஓட்டுவேன். இருக்காது. பொற்கொடியின் பையில் வாழைப்பழம்தான் இருக்கும்.

"புள்ளைக்கு ஒடம்பு ஏதும் சரியில்லையா பொற்கொடி?"

"நல்லாத்தான இருக்கா. மேடைன்னா அவளுக்கு ஒரு அமைதி வந்துருதுக்கா. டீச்சரே சொன்னாக."

வியாபாரிகள் சங்கத்து விழாவுக்கு விளக்கு நடனம் என்று முடிவானது. இரண்டு உள்ளங்கையிலும் விளக்கை ஏந்திக்கொண்டு ஆடுவது. கையை மேலே தூக்கி, இறக்கி, தரையில் மண்டியிட்டு, சுழன்று எழ வேண்டும். டீச்சர் பேட்டரி விளக்கு போதும் என்றார். பொற்கொடி கேட்கவில்லை.

"பேட்டரி வெளக்கத் தூக்கிட்டு ஆடுறதுக்கு டார்ச் லைட்ட வச்சு ஆடலாமே டீச்சர். நெருப்புன்னா நெருப்பாத்தான் இருக்கணும். எம் மக ஆடுவா."

ஒரு மாதம் வெறும் விளக்கோடு ஆடிப் பழகினாள். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பேன். நன்றாகவே ஆடினாள். கால் தாளத்தோடு சரியாக விழுந்தது. நான் கவலையை விட்டுவிட்டேன்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில். சாயங்காலம். முன் வரிசையில் ஏலக்காய் முதலாளிகள், அவர்கள் குடும்பம். எங்கள் குடோன் ஆட்களும் வந்திருந்தார்கள். சுருளியம்மாள் மல்லிகை வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பொற்கொடி முன்னால் தரையில் போனைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பின்னால் பந்தி அறையில் நான் பிள்ளைக்குக் கடைசியாகப் பவுடர் தொட்டுவிட்டுக்கொண்டிருந்தேன். டீச்சர் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

பவுடர் டப்பாவின் அடியில் பஞ்சு. பஞ்சை எடுத்தேன். அதற்குக் கீழே மாத்திரை அட்டை. பாதி காலி.

பிள்ளை என்னைப் பார்த்தாள். பயப்படவில்லை.

"இது ஏது அனு?"

"மெடிக்கல்ல வாங்குனேன். அம்மா கேட்டாங்கன்னு சொன்னாக் குடுப்பாங்க."

"மலைக்குத்தான் நீ போறதில்லையே தாயி. எதுக்கு?"

அவள் யோசித்தாள். நாக்கு தடித்துப் பேச்சு மெதுவாக வந்தது. "போட்டா பயமே வராது பெரியம்மா. ஆளுகல்லாம் ரொம்பத் தள்ளி இருப்பாங்க. கைதட்டுறதும் தள்ளிக் கேக்கும். அம்மாவும் தள்ளி இருப்பாங்க."

"இன்னைக்குப் போட்டியா?"

தலையாட்டினாள். "இன்னைக்கு நெருப்புல்ல. அதான் கூட ஒண்ணு போட்டேன்."

ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொல்லிவிட்டார்கள். டீச்சர் விளக்கை ஏற்றி அவள் கையில் வைத்தார். "டீச்சர், வேணாம் டீச்சர்," என்றேன். கைதட்டலில் கேட்கவில்லை. பிள்ளை அதற்குள் படியேறிவிட்டாள். அவள் பட்டுத் தாவணியின் முனை விளக்குக்குக் கீழே தொங்கிக்கொண்டு போனது.

நான் பந்தி அறையில் கை கழுவுகிற தொட்டிக்கு ஓடினேன். அங்கே தரை துடைக்கிற சாக்கு கிடந்தது. ஏலக்காய்ச் சாக்குதான். தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட மண்டபத்துக்குள் போனேன். அத்தனை முதலாளிகளுக்கும் முன்னால் நடந்து பொற்கொடியின் தோளைப் பிடித்தேன்.

"மறைக்காதீகக்கா, ரெக்கார்டு ஆகுது."

"புள்ள மாத்திரை போட்டிருக்கு."

"என்ன மாத்திரை?"

"மலைக்குப் போடுறது. அவளே வாங்கிப் போட்டிருக்கா. இத்தனை நாளும் போட்டிருக்கா. இன்னைக்கு ரெண்டு."

பொற்கொடி என்னைப் பார்த்தாள். பிறகு போனுக்குள் பார்த்தாள். அதில் சின்னதாக, அழகாக, அனுப்பிரியா ஆடிக்கொண்டிருந்தாள். இரண்டு சுடரும் இரண்டு பொட்டு மாதிரி தெரிந்தன. பின்னால் யாரோ, "யார் வீட்டுப் புள்ளப்பா?" என்று கேட்டார்கள். "நம்ம குடோன்ல வேல செய்யிறாகளே, அவுக மக," என்று சுருளியம்மாளின் குரல் பெருமையாகச் சொன்னது. பொற்கொடியின் காதில் அது விழுந்தது. விழுந்ததை நான் பார்த்தேன்.

போன் அவள் கையில் இன்னும் நேராகத்தான் இருந்தது. அவள் கண் மட்டும் போனை விட்டு மேலே போனது. மேடையில் பிள்ளை மண்டியிடுகிற இடம் வந்தது. தாளம் முந்திவிட்டது. அதற்குப் பின்னால் மெல்ல முழங்கால் மடிந்தது. வலக்கை சாய்ந்தது. எண்ணெய் ஒரு கோடாக முழங்கையில் இறங்கியது. தாவணி முனை சுடருக்கு மேலே போய், திரும்பி வந்தது. கூட்டம் அதை ஆட்டத்தில் ஒரு நயம் என்று நினைத்துக் கைதட்டியது.

பொற்கொடி எழுந்தாள். போனைத் தரையில் போட்டாள். என் கையிலிருந்த சாக்கின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடைக்கு நடந்தாள். மறுமுனை என் கையில் இருந்ததால் நானும் போனேன்.

"ஏம்மா, யாரும்மா அது? எறங்கும்மா!" என்று ஒலிபெருக்கியில் சத்தம் வந்தது. முன் வரிசையில் சிரித்தார்கள். பொற்கொடி மகளுக்கு முன்னால் போய் மண்டியிட்டாள். வாயைக் குவித்து ஊதினாள். ஒரு விளக்கு அணைந்தது. மற்றதையும் ஊதினாள். எண்ணெய் வழிந்த கையை ஈரச் சாக்கால் சுற்றினாள். சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்து, பிறகு குறைந்து, சுத்தமாக நின்றது.

பாட்டை யாரும் நிறுத்தவில்லை. அனுப்பிரியா சாக்கிலிருந்து கையை மெதுவாக உருவிக்கொண்டாள். எழுந்தாள். புகைந்துகொண்டிருந்த இரண்டு விளக்கையும் தலைக்கு மேலே தூக்கினாள். தன் அம்மாவைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். கண் திறந்தே இருந்தது.

"அனு," என்றாள் பொற்கொடி. "நான்தான்டி, அம்மா. போதும்டி."

பிள்ளை கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி ஆடிக்கொண்டே இருந்தாள்.